பச்சை மையில் ஒரு நான்கு

அந்த நோட்டுப் புத்தகத்தின் இருபத்திரண்டாம் பக்கத்தில் மூன்று சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கீழே, நீல மையில், உருண்டையான எழுத்தில் ‘ஐந்து’. அதன் குறுக்கே ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேரான பச்சைக் கோடு. கோட்டுக்கு மேல் பச்சை மையில் ‘நான்கு’. அந்த நான்கின் மேலும் ஒரு கோடு, இது கோணலானது. அதற்கும் மேலே, இடம் போதாமல் இடுக்கிக்கொண்டு, ஊறிப் பரவிய பச்சையில் மறுபடியும் ‘ஐந்து’. முதல் சொல் டீச்சரம்மா எழுதியது. மற்றதெல்லாம் என் கைங்கரியம்.

போன வாரம் ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து புயல் நிவாரண மலருக்கு என்று பன்னிரண்டு கட்டுரைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் புயலில் பிழைத்தவர்கள் எழுதியவை. “நல்லதா ஒரு மூணு பொறுக்கிக் குடுங்க சார், போதும்” என்றார் அவர்களில் ஒருவர், கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்வதுபோல. கட்டு மேஜைமேல் கிடக்கிறது. நூலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அலுப்பாக இருக்கிறது. வயதாகிவிட்டதால் வந்த அலுப்பு பாதி. மீதிப் பாதி பழையது, என் இருபத்தெட்டாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. மனிதர்கள் பட்ட பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு இது நல்லது, இது சுமார் என்று சொல்ல வேண்டியிருக்கும்போதெல்லாம் அது வந்துவிடுகிறது.

யுத்தகாலம் அது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு. அச்சுப் பத்திரிகைகளே இளைத்துக்கொண்டு வந்த நாட்களில் நாங்கள் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒன்று, ஒரே ஒரு பிரதி. பெயர் வைப்பதிலேயே மூன்று மாதம் சண்டை போட்டுக் கடைசியில் பெயரில்லாமலேயே விட்டுவிட்டோம். மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர்தான் பத்திராதிபர். எழுதுகிறவர்கள் அவர் கொடுக்கும் தாளில் தங்கள் கையாலேயே எழுதித் தரவேண்டும். ராயப்பேட்டையில் பைண்டிங் கடை வைத்திருந்த சாயபு ஒருவர் அதையெல்லாம் தைத்து அட்டை போட்டுக் கொடுப்பார். கூலி வேண்டாம், தன் முறை வரும்போது படிக்கக் கொடுத்தால் போதும் என்பார். அட்டையின் உட்புறத்தில் எட்டு வீடுகளின் பட்டியல் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் மூன்று நாள், அப்புறம் அடுத்த வீடு. மாம்பலத்தில் என் வீடு மூன்றாவது, சாயபு ஏழாவது, சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சரம்மா எட்டாவது. அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் புனைபெயரில்தான் எழுதினோம். யார் எது என்பது பத்திராதிபருக்கு மட்டுமே தெரியும்.

பின்னால் சில பக்கங்களைப் படித்தவர்களின் அபிப்பிராயத்துக்காக விட்டிருப்போம். அதில் முதல் அபிப்பிராயம் என்னுடையது, ஏனென்றால் நான் விமரிசகன். யார் நியமித்தார்கள் என்று கேட்காதீர்கள், நானாகவே ஆகிவிட்டேன். எனக்கு இன்னொரு அதிகாரமும் உண்டு. கட்டுரையில் சின்னச் சின்னப் பிழை இருந்தால் பக்கத்திலேயே திருத்தலாம், பச்சை மையில். நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்த சர்க்கார் ஆபீஸில் பச்சை மை பெரிய அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. எனக்கு அதைத் தொட இருந்த வழி இது ஒன்றுதான். ஒரு புட்டி வாங்கி வைத்துக்கொண்டு மாதம் மூன்று நாள் அதிகாரியாக இருந்தேன்.

அந்த வருஷத்துக்கு முந்திய ஐப்பசியில் பெய்த மழையை அன்றைக்குச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அடையாறும் கூவமும் ஒருசேரக் கரை மீறின. மாம்பலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். அதை நானும் ஏதோ பெரிய சாகசம் போல நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆற்றங்கரையில் இருந்தவர்கள் கதை வேறு. அதைப் பற்றித்தான் எங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. புனைபெயர் ஒரு பூவின் பெயர்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கட்டுரைகளை அலசியிருக்கிறேன். அதைப்போல் ஒன்று வரவில்லை. வெள்ளத்தைப் பற்றிய கட்டுரை, ஆனால் முதல் பத்தியில் வெள்ளமே இல்லை. விடியற்காலையில் தவளைகள் வாசற்படி ஏறி வருகின்றன, அவசரப்படாமல், விருந்துக்கு வந்தவர்கள் போல. அதைப் பார்த்து அண்ணி உப்பு ஜாடியை எடுத்து மேல் பலகையில் வைக்கிறாள். மற்ற சாமானையெல்லாம் விட்டுவிட்டு உப்பை ஏன் எடுத்தாள் என்று கட்டுரை கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. அடுத்து இடுப்பளவுத் தண்ணீர். பக்கத்து மாடி வீட்டுக்காரர் ஏணியை நீட்டுகிறார். ‘ஐந்து பேர் ஏறினோம்’ என்று ஒரு வரி. மொட்டை மாடியில் ஒரு பகல் முழுவதும் இருக்கிறார்கள். எதிரே வைக்கோல் போர் ஒன்று அப்படியே மிதந்து போகிறது, அதன்மேல் ஓர் ஆடு நின்றுகொண்டு வைக்கோலைத் தின்றுகொண்டிருக்கிறது. அண்ணனின் மூத்த பெண், இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று டீச்சரான அத்தையிடமே கேட்கிறாள். சாயங்காலம் குப்பத்து மீனவர்கள் வருகிறார்கள். ‘படகு வந்தது, இறங்கினோம்’ என்று மூன்றே சொல்லில் அந்தக் கட்டம் முடிகிறது. கோயில் பள்ளிக்கூடத்தில் கஞ்சி கொடுக்கிறார்கள், நான்கு தம்ளர். ஒன்று நெளிந்தது, ஒன்றில் யாருடைய பெயரோ வெட்டியிருக்கிறது, ஒன்று சுடுகிறது, ஒன்று ஆறிவிட்டது. தண்ணீர் வடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, கடைசி வரிகள் இவை: ‘தலையணைகள் ஐந்தையும் வெயிலில் போட்டோம். பதினொரு நாள் போட்டோம். காயவில்லை.’

இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. தவளையைப் புகழ்ந்தேன். ஆட்டைப் புகழ்ந்தேன். உப்பு ஜாடியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். பிறகு ஊசியை எடுத்தேன். படகில் இறங்கும் கட்டம்தான் கட்டுரையின் உச்சம், அதை மூன்று சொல்லில் வீணடித்தது எழுதியவரின் அனுபவக் குறைவு என்றேன். ஏறியவர்கள் ஐவர், கஞ்சி குடித்தவர்கள் நால்வர், மறுபடி தலையணை ஐந்து, இந்தக் கூட்டலைக்கூடச் சரிபார்க்காதவர் சொல்லும் வெள்ளத்தை எப்படி நம்புவது என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஐந்தாவது ஆளைக் கட்டுரை விழுங்கிவிட்டதா?’ என்று முத்தாய்ப்பும் வைத்தேன். எழுதி முடித்ததும் அந்த வரியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கட்டுரையைப் படித்திருந்தாள். என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். ரசனை போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக அதிகாரியின் வேலை. தம்ளர்கள் ஒவ்வொன்றாக வர்ணிக்கப்பட்டிருப்பதால் நான்குதான் சரி என்று தீர்மானித்தேன். ஏணி ஏறும் இடத்தில் ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினேன். தலையணையிலும் ஐந்தை அடித்து நான்கு. கணக்கு நேராகிவிட்டது. திருப்தியாக மூடி அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூரில் பத்திராதிபர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த மாதம் எப்படி என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன், முத்தாய்ப்பு வரி உட்பட. அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

“என்ன காரியம் பண்ணினீர் ஓய்?” என்றார். “அஞ்சு பேர் ஏறினதும் நெஜம், நாலு பேர் எறங்கினதும் நெஜம். எழுதினது அந்த சாந்தோம் டீச்சர், அவ அண்ணா பையன். ஏழு வயசு. படகுல எறங்கறச்சே அப்பா தோள்லேர்ந்து நழுவிடுத்து. பிடிக்க முடியலே.”

அவர் மேலே சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பையன் பெயரை யாரும் சொல்லக்கூடாது. அப்பா வாய்விட்டுத் தடுக்கவில்லை, ஆனால் யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். சிலேட்டு, சட்டை எல்லாம் கண்ணில் படாமல் போய்விட்டன. ஒரு வருஷமாக அண்ணனும் தங்கையும் மழையைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டதில்லை. “அண்ணா வீட்டுக்கு வர்ற பத்திரிகையை ஒரு வரி விடாம படிப்பார், அதனாலதான் எழுதறேன்னு சொல்லித்தான் குடுத்தா. புத்தகம் எட்டாவதா அவா ஆத்துக்குத்தானே போறது? அதுல போய் உம்ம வேடிக்கையையும் எழுதி வெச்சிருக்கீரே!”

பட்டியலின்படி அன்றைக்குப் புத்தகம் சாயபு வீட்டில் இருக்கவேண்டும். சாயங்காலம் அவர் அதை சாந்தோமுக்கு அனுப்பிவிடுவார். எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். மழை பிடித்துக்கொண்டது, பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓட்டிய பஸ் ஒன்று புகை விட்டபடி வழியிலேயே நின்றுவிட்டது, பாதித் தூரம் நனைந்துகொண்டே நடந்தேன். போகும்போதெல்லாம் என் மனத்தில் இருந்தது அந்த முத்தாய்ப்பு வரி ஒன்றுதான். அதைக் கிழித்தெறிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“இன்னா சார், இந்த மழைல?” என்று சாயபு துண்டை நீட்டினார். புத்தகம் அவர் பலகைமேல் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். என் அபிப்பிராயத்துக்குக் கீழே மற்ற வீட்டுக்காரர்களும் எழுதியிருந்தார்கள். ‘விமரிசகரின் கேள்வி வெகு ஜோர்.’ ‘ஐந்தாவது ஆளைக் கண்டுபிடித்துத் தருவோருக்குச் சன்மானம் உண்டா?’ படித்தவர்கள், நல்லவர்கள். இவர்களுக்கு வழி காட்டினது நான். சாயபு மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தைக் கிழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். காகிதப் பஞ்சத்தில் நாங்கள் ஒரு பக்கத்தையும் வீணாக்குவதில்லை. அந்த மாதம் டீச்சரம்மாவின் கட்டுரைதான் கடைசி. அது முடிந்த தாளின் பின்பக்கத்திலேயே அபிப்பிராயம் ஆரம்பித்திருந்தது.

“கிய்ச்சா அந்தம்மா எய்தின கடேசிப் பக்கமும் பூடும் சார். மை போட்டு அடிச்சா அந்தாண்ட ஊறிக்கும். ஒட்டித்தான் மறைக்கணும்” என்றார். மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, தன்னிடமிருந்த நல்ல தாளில் ஒன்றை அளவாக வெட்டி என் விமரிசனத்தின்மேலும் அதன் கீழே இருந்த வேடிக்கைகளின்மேலும் ஒட்டினார். ஈர நாள், சீக்கிரம் காயவில்லை. அழுத்தும் கட்டையில் வைத்து முறுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார். “நானும் படிச்சேன் சார். எங்கூட்லயும் ஒண்ணு அம்மை வந்து பூட்ச்சி. அந்தத் தலைவாணி எய்தினாங்க பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி” என்றார். அப்படியானால் ஏன் அபிப்பிராயத்தில் எழுதவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் எய்தறதா சார்?” என்றார். அவர் கேட்ட விதத்தில் குத்தல் எதுவும் இல்லை. எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

மழை விட்டிருந்தது. புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நானே சாந்தோமுக்குப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால் சின்ன ஓட்டு வீடு. சுவரில் மாதா படம், தண்ணீர் ஏறிய கறை படத்தின் பாதி உயரத்துக்கு இருந்தது, சுவரில் இல்லை. அதை மட்டும் பழைய வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. டீச்சரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை, விரலில் சாக்பீஸ் வெடிப்பு. அண்ணன் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலையில் இருப்பவர், அன்றைக்கும் வேலை, ஆறு மணிக்கு வந்துவிடுவார் என்றார். உள்ளே அண்ணி பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்டது.

புத்தகத்தைக் கொடுத்தேன். ஒட்டிய தாள் கண்ணில் பட்டால் என்ன சொல்வது என்று ஒரு பொய்யையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லோரும் செய்வதுபோல முதலில் தன் கட்டுரையைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு என் திருத்தங்கள் நினைவுக்கு வந்தன. இத்தனை அலைச்சலிலும் அவை ஒரு கணம்கூட எனக்கு உறைக்கவில்லை. அவற்றை நான் தவறு என்றே நினைத்திருக்கவில்லை.

அவர் விரல் ஏணி வரியில் நின்றது.

“இது யாரு சார் பண்ணது?”

“நான்தாம்மா.”

“தப்பா இருந்துச்சா?”

“இல்ல... ஏறினவங்களுக்கும் தம்ளருக்கும் கணக்கு இடிச்சுது.”

“இடிக்கணும்னுதான சார் எழுதினேன்” என்றார். குரலை உயர்த்தவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. “எங்கண்ணன்கிட்ட வாயால சொல்ல முடியல. அவனும் நம்மகூட ஏறினான், நம்மகூட ஒரு பகல் பூரா இருந்தான், அத இல்லன்னு ஆக்கிட வேணாம்னு சொல்லணும். ஒரு வருஷமா நாங்க நாலு பேராத்தான் இருக்கோம், எப்பவுமே நாலு பேராவே இருந்த மாதிரி. அஞ்சுன்னு ரெண்டு எடத்துல எழுதினேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான். இப்ப இதுலயும் நாலுன்னு இருந்தா அண்ணன் பாட்டுக்குப் படிச்சிட்டுப் போயிடுவாரு.”

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். என்ன சொற்களில் என்று நினைவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் நாற்பது குழந்தைகளை மேய்க்கிற களைப்பு அவர் முகத்தில் இருந்தது, அவ்வளவுதான். புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

“நீங்க அடிச்சது. நீங்களே எழுதிடுங்க.”

“நீங்க எழுதினா நல்லாருக்குமே” என்றேன்.

“நான் எழுதினா அண்ணனுக்கு அடம் புடிக்கிற மாதிரி இருக்கும். வேற யாரோ எழுதினா, வேற யாருக்கோ தெரியும்னு இருக்கும்.”

என்னிடம் இருந்தது பச்சைப் பேனா ஒன்றுதான். என் நான்கை அடித்தேன். மேலே ஐந்து என்று எழுதினேன். தாள் ஈரத்தில் ஊறியிருந்ததால் மை பரவியது. கடைசிப் பக்கத்துத் தலையணையிலும் அப்படியே. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் செய்திருக்கிறேன், கோடு கோணலாகப் போனது அந்த இரண்டில் மட்டும்தான். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. காப்பியைக் குடிக்க முடியவில்லை. ஆறு மணிக்குள் அந்த வீட்டை விட்டுப் போய்விடவேண்டும் என்று மட்டும் தோன்றியது, கிளம்பிவிட்டேன்.

மூன்று நாள் கழிந்தது, ஆறு நாள் கழிந்தது, புத்தகம் திரும்பி வரவில்லை. எங்கள் பத்திரிகையின் சரித்திரத்தில் யாரும் அதுவரை கெடு தாண்டியதில்லை. பத்திராதிபர் ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அந்த நாட்களில் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, இப்போது அந்த அண்ணன் எந்தப் பக்கத்தில் இருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுந்து வெளியே போய்விட்டாரா, புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. இனிமேல் விமரிசனம் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றவில்லை. பிழைப்பு அப்படி அமைந்துவிட்டது.

பதினோராம் நாள் டீச்சரம்மாவே புத்தகத்தைப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பத்திராதிபர் அதை என் கையில் கொடுத்தார். சாயபு ஒட்டிய வெள்ளைத் தாளின்மேல் புதிய கையெழுத்து ஒன்று இருந்தது. பெட்டிகளிலும் மூட்டைகளிலும் தூரிகையால் குறி போட்டுப் பழகிய கை, எழுத்து ஒவ்வொன்றும் பெரிதாக, தனித்தனியாக இருந்தது. ‘ஐந்துதான் சரி’ என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு பெயர். பெயருக்குப் பக்கத்தில் ‘வயது ஏழு’.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அந்த வீட்டுக்காரர்கள் எழுத வேண்டியது, எழுதிவிட்டார்கள். பத்திரிகை அடுத்த வருஷமே நின்றுபோயிற்று. பத்திராதிபர் காலமாவதற்கு முன் இந்த இதழை மட்டும் எனக்கு அனுப்பிவைத்தார். சாயபுவின் பசை இத்தனை வருஷத்தில் ஓரம்கூடப் பிரியவில்லை, பூச்சியும் அண்டவில்லை. அதற்கு அடியில் என் முத்தாய்ப்பு வரி பத்திரமாகத்தான் இருக்கும். நீல மை வெளுத்துக்கொண்டு வருகிறது. டீச்சரம்மாவின் முதல் ‘ஐந்து’ இப்போது பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிறது. மேலே இருக்கும் என் பச்சை ஐந்து, பரவிப்போனாலும், வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

மேஜைமேல் பன்னிரண்டு கட்டுரைகள் கிடக்கின்றன. நாளைக்கு வந்து கேட்பார்கள். நல்லதாக மூன்று பொறுக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிடவேண்டும். ஆனாலும் நூலைப் பிரிக்கத்தான் போகிறேன். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று பார்க்கவேண்டும். பேனாவை எடுக்காமல் பார்க்கவேண்டும்.